தெரிந்த செய்தியைப் பிரெஞ்சில் படிப்பது

எழுத்தும் ஒலியும் முந்தைய அத்தியாயத்தோடு முடிந்தன. இனி படிக்கத் தொடங்கலாம். எதைப் படிப்பது என்ற இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பிரெஞ்சு கற்கப் போகிறேன் என்றால் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் யோசனை, "சின்னப் பிள்ளைங்க கதைப் புத்தகமா பார்த்துப் படி" என்பது. பிரெஞ்சைப் பொறுத்தவரை அது உதவாத யோசனை. பிரெஞ்சுக் கதைகளில் கடந்த காலத்துக்கென்றே ஒரு தனி வினை வடிவம் உண்டு. அதன் பெயர் பாஸே ஸே(ன்)ப்ல். இன்றைய பேச்சில் யாரும் அதைப் புழங்குவதில்லை, ஆரம்பப் பாடநூல்களும் அதைத் தொடுவதில்லை. ஆனால் ராஜா ராணிக் கதையில் நாலாவது வரிக்குள் வந்து நிற்கும். போதாக்குறைக்குக் கதையில் நரி பேசும், அடுப்பு பேசும். அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க நமக்குத் தெரிந்த உலகம் துணைக்கு வராது.

அறிவியல் செய்தியில் அந்தத் தொல்லை இல்லை. நிலவில் கலம் இறங்கியது என்றால் இறங்கியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 நிலவின் தென்துருவப் பக்கம் தரையிறங்கியது நமக்குத் தெரியும். அதையே பிரெஞ்சில் பத்து வரிகளில் படித்தால், யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் படிக்கும் முன்பே கையில் இருக்கின்றன. மீதியுள்ள சொற்கள் என்ன சொல்ல வந்திருக்கும் என்பதை அந்த மூன்றும் காட்டிக்கொடுக்கும். இந்த அத்தியாயம் சொல்வது இவ்வளவுதான்: உள்ளடக்கம் ஏற்கெனவே தெரிந்த செய்தியை மட்டும் படியுங்கள். பிரெஞ்சு வழியாகப் புது அறிவியல் கற்கும் ஆசையை ஓராண்டுக்குத் தள்ளி வையுங்கள்.

கடம்பத்தூர் பக்கத்து ஆட்களுக்குப் பிரெஞ்சுப் படிப்பைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்டேஷனில் இறங்கி அதிகத்தூர் போகும் வழியில் இருக்கும் கார் தொழிற்சாலை முன்பு இந்துஸ்தான் மோட்டார்ஸ் கையில் இருந்தது. 1998 முதல் அங்கே மிட்சுபிஷி லான்சர் தயாரானது. இப்போது அதே இடத்தில் பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோயெனின் கார்கள் தயாராகின்றன. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் மிஷ்லே(ன்) டயர் ஆலை இருக்கிறது. நாம் மிச்செலின் என்போம். கொஞ்சம் தெற்கே போனால் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடி, ஒரகடத்தில் ரெனோ. ஒரே தொழில் வட்டாரத்துக்குள் இத்தனை பிரெஞ்சுப் பெயர்ப் பலகைகள் உள்ள இடம் இந்தியாவில் அதிகம் இருக்காது.

அதற்காக ஒன்றை நம்பிவிட வேண்டாம். லைனில் வேலை பார்க்கப் பிரெஞ்சு தேவையில்லை. அங்கே தமிழும் இங்கிலீஷும் இந்தியுமே ஓடுகின்றன. "பிரெஞ்சு தெரிஞ்சா பர்மனென்ட் ஆக்கிடுவாங்க" என்று சொல்லி யாராவது கோர்ஸ் விற்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். மேற்படிப்புக்குப் பிரான்ஸ் போக நினைக்கும் டிப்ளமோ, பி.இ. மாணவர்களுக்கு இது உதவும். பிளஸ் ஒன்னில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கி, இன்று ஒரு பத்தி படிக்கத் தெரியாமல் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம் உதவும். சும்மா ஆசைக்குப் படிக்கிறவர்களுக்கும்தான். ஆசை ஒன்றும் மட்டமான காரணமில்லை.

படிக்கத் தொடங்கும் முன் இந்த நூலின் எழுத்து முறையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மூக்கால் வெளியேறி, நாக்கு எங்கும் ஒட்டாமல் நிற்கும் ஒலிக்கு (ன்) போடுகிறோம். வண்டு ரீங்காரம் போல அதிரும் ஸகரத்துக்கு ஃஸ போடுகிறோம். வண்டலூர் ஜூவை ஜூ என்றே சொல்லிப் பழகிய நாக்குக்கு இந்த ஒலி ஒரு வாரம் தகராறு பண்ணும். தமிழ் எழுத்தில் த ஒன்றுதான், பிரெஞ்சில் அதற்கு இரண்டு ஒலிகள். ஆகவே இங்கே பார்ப்பதை ஊன்றுகோலாக மட்டும் வைத்துக்கொண்டு, சொல்லின் அசல் எழுத்தைச் செல்போனில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஒலிக்காது என்பதும் உங்களுக்குப் புதிதில்லை. சேஸி என்கிறீர்கள், அதன் இறுதியில் எழுதியிருக்கும் எஸ்ஸை எந்த மெக்கானிக்கும் உச்சரிப்பதில்லை. அது பிரெஞ்சுச் சொல்தான்.

இனி ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். வெகு தூரம் போக வேண்டாம், நம் மாவட்டத்துச் செய்தியே இருக்கிறது. பூண்டி ஏரிக்கு அப்பால், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்று ஓர் ஊர். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்ற இரு நிலவியலாளர்கள் அங்கே கற்கருவிகளைக் கண்டார்கள். பின்னாளில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அதே இடத்தில் முறையாகத் தோண்டினார்கள். 2011இல் சயன்ஸ் இதழில் அவர்களது கட்டுரை வந்தது. அங்குள்ள பழைய கருவிகளின் வயது குறைந்தது பத்து லட்சம் ஆண்டு, சராசரிக் கணக்கில் சுமார் 15 லட்சம் ஆண்டு என்றது அது. அந்தக் கட்டுரையில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பலர் கூட்டாளிகள். வயது கணித்த முறையும் சுவையானது. வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டுக்கொண்டே இருந்தால் பெரிலியம் 10, அலுமினியம் 26 என்ற இரண்டு அணுவகைகள் உண்டாகும். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் உற்பத்தி நின்றுவிடும், இருப்பவை சிதையும். அலுமினியம் சுமார் ஏழு லட்சம் ஆண்டில் பாதியாகும், பெரிலியத்துக்கு ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு காலம் ஆகும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று தெரியும்.

இவ்வளவும் தமிழில் தெரிந்துகொண்டாயிற்று. இது பாதிப் படிப்பு. இப்போது அதே செய்தியை எளிய பிரெஞ்சில் ஆறு வரிகளாகச் சுருக்கினால் இப்படி வரும்:

தே ஷெர்ஷர் ஒ(ன்) த்ரூவே தேஃஸூத்தி ஆ(ன்) ப்யேர்.
ஸே தா(ன்) நே(ன்)த், ப்ரே த சென்னை.
லேஃஸூத்தி ஸோ(ன்) த்ரே வ்யோ.
இல்ஃஸோ(ன்) ஆ(ன்)விரோ(ன்) 1,5 மில்யோ(ன்) தனே.
கி ஆ ஃபாப்ரிக்கே ஸேஃஸூத்தி?
ஒ(ன்) ந ஸே பாஃஸா(ன்)கோர்.

முதல் வரியிலிருந்து வரிசையாகப் பொருள் பார்க்க வேண்டாம். முதலில் கண்ணில் பட வேண்டியவை எண்ணும் பெயரும். 1,5 இருக்கிறது, சென்னை இருக்கிறது. இரண்டாம் வரியின் நே(ன்)த் என்பதில் உள்ள ஏ(ன்)த் என்பது இந்தியா, தா(ன்) என்பதில் உள்ள ஆ(ன்) என்பது இல் உருபு. ஆக, இடம் தெரிந்துவிட்டது: சென்னைக்குப் பக்கத்தில், இந்தியாவில். அடுத்தது வினை. தமிழில் வாக்கியம் முடியும்வரை வினைக்காகக் காத்திருந்து பழகிய நாம் பிரெஞ்சிலும் கடைசிச் சொல்லைத் தேடிப் போவோம். அங்கே அது கிடைக்காது. எழுவாயை அடுத்து உடனே வினை வந்துவிடும், மற்றதெல்லாம் பின்னால் வால்போலத் தொடரும். முதல் வரியில் ஷெர்ஷர் என்றால் ஆய்வாளர்கள். அதையடுத்து வரும் ஒ(ன்) த்ரூவே என்பதுதான் வினை, கண்டெடுத்தார்கள். என்னத்தை? ஊத்தி, அதாவது கருவிகளை. எப்படிப்பட்டவை? ஆ(ன்) ப்யேர், கல்லால் ஆனவை.

ஊத்தி என்று சொன்னேன், ஆனால் மேலே அது எங்கும் தனியாக இல்லை. தேஃஸூத்தி, லேஃஸூத்தி, ஸேஃஸூத்தி என்று மூன்று இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் துண்டு ஏதோ சில, இரண்டாவது அந்த, மூன்றாவது இந்த. மூன்றும் எஸ் எழுத்தில் முடிகின்றன. தனியாக இருந்தால் அந்த எஸ் ஊமை. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விழித்துக்கொண்டு ரீங்கரிக்கும். நம் புணர்ச்சிக்கு இது அண்ணன் தம்பி முறை. காதால் கேட்டு அகராதியில் ஃஸூத்தி என்று தேடுகிறவர் கடைசிவரை தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால்தான் ஆரம்பத்தில் காதைவிடக் கண்ணை நம்பச் சொல்கிறோம். எழுத்தில் இரண்டு சொற்களும் இடம்விட்டுத் தனித்தனியாகவே நிற்கும்.

மூன்றாம், நான்காம் வரிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஸோ(ன்) என்றால் இருக்கின்றன. இல்ஃஸோ(ன்) என்பதில் உள்ள ஒ(ன்) என்றால் உடையவை. வயதைச் சொல்லப் பிரெஞ்சுக்காரர் உடைமை வினையைத்தான் எடுப்பார். அக்கருவிகள் இத்தனை ஆண்டுகளை உடையவை என்பதுதான் அவர்கள் வழக்கு. வெறும் ஸ, அதிரும் ஃஸ, இந்த ஒரு வித்தியாசத்தில் பொருள் மாறுகிறது. இரண்டு வரிகளையும் மாற்றி மாற்றி வாய்விட்டுப் படியுங்கள். தொண்டையில் விரலை வைத்தால் ஒன்றில் அதிர்வு தெரியும், மற்றதில் தெரியாது.

ஐந்தாம் வரி, இக்கருவிகளைச் செய்தது யார் என்ற கேள்வி. ஆறாவது, இன்னும் தெரியவில்லை என்ற பதில். உண்மை நிலவரமும் அதுதான். அத்திரம்பாக்கத்தில் கருவிகள் கிடைத்தனவே தவிர, அவற்றைச் செய்தவர்களின் எலும்பு கிடைக்கவில்லை.

வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து படித்தால் வேலை சுளுவாகும். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்த அக்காவும் ஐடிஐ படிக்கும் தம்பியும் என்று வைத்துக்கொள்வோம். "அக்கா, இதுல ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாதே" என்பான். "நம்பர் எங்க இருக்குன்னு காட்டுடா. அதுக்கு முன்னாடி நிக்கிற வார்த்தை சுமாரா, கிட்டத்தட்ட, அதிகமா, இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கும். எதுன்னு யோசி" என்று அவள் சொல்லித்தர வேண்டும். ஆ(ன்)விரோ(ன்) என்றால் சுமார். ஒருமுறை இப்படி ஊகித்துப் பிடித்த சொல் மறக்காது. அவள் உடனே பொருளைச் சொல்லிவிட்டால் மறுநாள் போய்விடும்.

எண்களுக்குத் தனியாக ஒரு பொழுது ஒதுக்குங்கள், ஏனென்றால் அறிவியல் செய்தியில் ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது. பிரெஞ்சில் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளி வைப்பார்கள். மேலே உள்ள 1,5 என்பது ஒன்றரை. ஆயிரத்தைப் பிரிக்க நாம் காற்புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் வெற்றிடம் விடுவார்கள்: 12 000 என்றால் பன்னிரண்டாயிரம். மில்யோ(ன்) என்பது பத்து லட்சம், அதில் குழப்பமில்லை. அதற்கு மேலேதான் வம்பு. மில்யார் என்றால் நூறு கோடி. இங்கிலீஷ் செய்தியில் பில்லியன் என்று வருவது பிரெஞ்சில் மில்யார். பிரெஞ்சிலும் பில்யோ(ன்) என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அது லட்சம் கோடி. பூமியின் வயது 4,5 மில்யார் ஆண்டு என்று படித்தால் நாலரையை நூறால் பெருக்கிக் கோடி போடுங்கள், 450 கோடி. இங்கிலீஷ் வழியாகப் போகாமல் நேரே லட்சம், கோடிக்கு மாற்றப் பழகியவர் இதில் தடுமாறமாட்டார்.

எண்ணுப்பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. எழுபதுக்கு அறுபதும் பத்தும் (ஸுவஸா(ன்)த் தீஸ்) என்பார்கள். எண்பது நாலு இருபது (காத்ர வே(ன்)), தொண்ணூறு நாலு இருபதும் பத்தும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒன்பதோடு சேராத தொண்ணூறையும், நூறோடு சேராத தொள்ளாயிரத்தையும் மனப்பாடம் செய்து வளர்ந்த நாம் சிரிப்பதற்கில்லை. செய்தியில் எண்கள் இலக்கத்திலேயே அச்சாகும் என்பதால் படிக்கும்போது இது தொல்லை தராது. காதால் கேட்கும்போதுதான் கால்குலேட்டர் தேவைப்படும்.

கார்த் தொழிலில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சுச் செய்தியில் கார் என்ற சொல்லைப் பார்த்ததும் வண்டியைத் தேடாதீர்கள். வாக்கியத்தின் நடுவில் அது வந்தால் ஏனென்றால் என்று பொருள். தனிப் பெயர்ச்சொல்லாக வந்தால் வெளியூர் பஸ். நம் கார் அவர்களுக்கு வுவாத்யூர். எஸா(ன்)ஸ் என்றால் பெட்ரோல். ரேஃஸெர்வுவார் என்றால் பூண்டி ஏரியும் ஆகலாம், வண்டியின் பெட்ரோல் டேங்க்கும் ஆகலாம்.

அடுத்து வருவதை நான் எல்லா ஆரம்பப் பாடநூல்களிலும் முதல் பாதியிலேயே வைத்திருப்பேன். அவற்றை எழுதுகிறவர்கள் வைப்பதில்லை. பிரெஞ்சுச் செய்தியாளர் தனக்கு உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லும்போது வினையின் வாலை மாற்றுவார். இல்யா த லோ என்றால் தண்ணீர் இருக்கிறது. இல்யோரே த லோ என்றால் தண்ணீர் இருக்கிறதாம். நம் ஆம் விகுதி செய்யும் வேலையை அங்கே ரே என்ற முடிவு செய்கிறது. மழை வருமாம், பஸ் வராதாம், அவருக்கு டிரான்ஸ்ஃபராம் என்று நாள் முழுக்கப் பேசுகிற நமக்கு இது உடனே பிடிபடும். இங்கிலீஷ் வழியாகக் கற்கிறவர் இதைக் கூடும், முடியும் என்று மொழிபெயர்த்துக்கொண்டு திண்டாடுவார். செவ்வாயில் உயிர், புதுக் கோளில் கடல் போன்ற செய்திகளில் இந்த ரே வாலைப் பிடித்துவிட்டால், கண்டுபிடித்துவிட்டார்களா, இருக்கலாம் என்கிறார்களா என்பது தெரிந்துவிடும். ஸலோ(ன்) என்ற சொல்லும் இதே குடும்பம்தான்: இன்னார் சொல்வதன்படி. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால், எழுதியவர் பொறுப்பை வேறொருவர் தலையில் வைக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இத்தனை காலமாக என்று பொருள்படும் தபுயி என்ற சொல்லும் தமிழ் வழியாக வந்தால் உடனே பிடிபடும். மூணு வருஷமா வேலை செய்றேன் என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம் அல்லவா, பிரெஞ்சிலும் நிகழ்காலம்தான்: ஜ த்ராவாய் தபுயி த்ருவாஃஸா(ன்). இங்கிலீஷில் இதற்கு ஒரு தனிக் காலமே வேண்டும். தமிழிலிருந்து நேரே பிரெஞ்சுக்குப் போகும் பாதை சில இடங்களில் குறுக்குவழி. பள்ளியில் இங்கிலீஷ் வழியாகவே பிரெஞ்சு சொல்லித்தந்ததால் அது தூர்ந்து கிடக்கிறது.

எங்கே படிப்பது? பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதுதான் முதல் அறிவுரை. பிரெஞ்சு அரசு வானொலியான ஆர்.எஃப்.ஐ. தினமும் பத்து நிமிடச் செய்தி ஒன்றை எளிய பிரெஞ்சுச் செய்தி என்ற பெயரில், எழுத்து வடிவத்தோடு தருகிறது. அருமையான சேவை, ஆனால் தொடக்க நிலைக்கு எளிதே இல்லை. ஓராண்டாவது படித்தவருக்குத்தான் அது எளிது. துலூஸ் நகரத்து மிலா(ன்) பதிப்பகம் சிறுவருக்காக நடத்தும் அ(ன்) ஜூர் யூன் ஆக்த்யூ, அதை ஒட்டி வரும் ஒன்றரை நிமிடக் கேள்வி பதில் கார்ட்டூன் படங்கள், இவை விஷயத்தில் எளிது, இலக்கணத்தில் எளிதல்ல. எட்டு வயதுப் பிரெஞ்சுக் குழந்தைக்கு எல்லாக் காலமும் தாய்ப்பாலோடு வந்தவை, உங்களுக்கு அப்படியில்லை. அதனால் இவற்றில் முதல் மூன்று மாதம் தலைப்பையும் முதல் வாக்கியத்தையும் மட்டும் படித்துவிட்டு மூடிவிடுங்கள். குற்ற உணர்ச்சி தேவையில்லை, செய்தியின் சாரம் முதல் வாக்கியத்தில்தான் இருக்கும்.

தொடக்க நிலைக்கு நான் பரிந்துரைப்பவை இரண்டு. தேவே ஸே(ன்)க் மோ(ன்)த் தொலைக்காட்சியின் பிரெஞ்சு கற்கும் பகுதியில் பாடங்கள் நிலைவாரியாக, இலவசமாக இருக்கின்றன. ஏ1 என்று போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். மற்றது விக்கிதியா. 2006இல் தொடங்கிய சிறுவர் கலைக்களஞ்சியம் அது. செய்தி இல்லைதான். ஆனால் ராக்கெட், எரிமலை, பவளப்பாறை என்று எதை எடுத்தாலும் முதல் பத்தி குட்டி வாக்கியங்களில் இருக்கும். அன்று தமிழ்ப் பத்திரிகையில் படித்த செய்திக்கு உரிய பொருளை அங்கே தேடி முதல் பத்தியை மட்டும் படித்தால் அதுவே அன்றைய பாடம். தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் கைவசம் இருந்தால் நல்லது. பிள்ளைகளுக்கான இதழ் என்று ஒதுக்க வேண்டாம், கலைச்சொல்லைத் தமிழில் முதலில் தெரிந்துகொள்ள அதைவிட வசதி இல்லை.

செல்போன் கேமராவைக் காட்டினால் முழுப் பக்கமும் தமிழாகிவிடும் காலம் இது. அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். கடைசியில் செய்யுங்கள் என்பதே வேண்டுகோள். நீங்கள் ஊகித்ததை நோட்டில் தமிழில் எழுதிய பிறகு கேமராவைக் காட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். எந்திரமும் சறுக்கும். ரே வாலை விட்டுவிட்டு, இருக்கிறதாம் என்பதை இருக்கிறது என்று போட்டிருந்தால் நீங்கள் அதைத் திருத்தலாம். அந்த நாள் கொஞ்சம் மமதையாக இருக்கும், இருக்கட்டும்.

நேரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடம்பத்தூரில் லோக்கல் ஏறினால் ஆவடி வருவதற்குள் ஆறு வரிச் செய்தி ஒன்று முடிந்துவிடும். கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் நைட் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது முயல வேண்டாம், தூங்குங்கள். போகும்போது படிக்கலாம். வாய்விட்டுப் படிப்பதை மட்டும் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் படிப்பது என்று தேடி அலுத்தால் பிரான்சும் நாமும் சேர்ந்த விஷயங்களைத் துழாவுங்கள். 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏற்றிச் சென்ற மேகா டிராபிக்ஸ் செயற்கைக்கோள் இஸ்ரோவும் பிரெஞ்சு விண்வெளி மையமும் கூட்டாகச் செய்தது. வெப்பமண்டல மேகங்களையும் மழையையும் கவனித்தது. அதன் காலம் முடிந்தபின் 2023 மார்ச் 7 அன்று கட்டுப்பாட்டோடு கீழே இறக்கிப் பசிபிக் பெருங்கடலின் மேல் எரித்தார்கள். நம் ராக்கெட்டுகளின் விகாஸ் எஞ்சினுக்கு மூலம் பிரெஞ்சு வைக்கிங் எஞ்சின். இன்னும் பின்னால் போனால் ல ஜா(ன்)தீ என்ற வானியலாளர். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க 1761இல் வந்தார். அதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்ததால் கப்பலிலேயே நாள் கழிந்தது. அடுத்த வாய்ப்பான 1769 ஜூனுக்காக எட்டு ஆண்டு ஊர் திரும்பாமல் காத்திருந்தார். புதுச்சேரியில் எல்லாம் தயார். அந்தக் காலையில் பார்த்து மேகம் மூடிவிட்டது. மனிதர் சும்மா இருக்கவில்லை, தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை அங்கே கற்று எழுதி வைத்தார். இவரைப் பற்றிய சிறுவர் கட்டுரை எது கிடைத்தாலும் நுவாஜ் என்ற சொல் வந்தே தீரும். மேகம் என்று பொருள், மறக்காது.

தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் ஒரு கணக்கு. சென்னையில் அலியா(ன்)ஸ் ஃப்ரா(ன்)ஸேஃஸ் நடத்தும் தெல்ஃப் ஏ1 தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 எடுக்க வேண்டும், எந்தப் பகுதியிலும் ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. இந்த அத்தியாயத்தின் வழி படித்தலுக்கான 25க்கு நேரடியாக உதவும், எழுதுதலுக்கு ஓரளவு உதவும். பேசுதலுக்கு எட்டாம் அத்தியாயத்துக்குப் போங்கள்.

பயிற்சிக்கு ஒரு செய்தி. பழவேற்காட்டு ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் பூநாரைகளைப் பற்றியது. தமிழில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்: அவற்றின் நிறம் தின்னும் தீனியிலிருந்து வருகிறது, குஞ்சுகளுக்கு அந்த நிறம் இல்லை. மீதியை நீங்கள் எடுங்கள்.

பூர்குவா லே ஃப்ளாமா(ன்) ஸோ(ன்) ரோஃஸ்?
இல் மா(ன்)ஜ் தேஃஸால்க் ஏ தே க்ரவெத்.
தா(ன்) லேஃஸால்க், இல்யா அ(ன்) பிக்மா(ன்) ஒரா(ன்)ஜ்.
லே பெபே ஸோ(ன்) க்ரி.
இல் தவியென் ரோஃஸ் ஆப்ரே தோ ஊ த்ருவாஃஸா(ன்).

மூன்று சொற்களுக்கு மட்டும் பொருள்: ஆல்க் பாசி, க்ரவெத் இறால், தவியென் ஆகின்றன. முதல் வரி எதைக் கேட்கிறது? குஞ்சின் நிறம் என்ன? அது மாற எத்தனை ஆண்டு ஆகும்? விடைகளைத் தமிழில் எழுதுங்கள். பிறகு தேஃஸால்க், லேஃஸால்க் இரண்டையும் பிரித்து, ஒட்டிய ஒலி எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். கடைசி வரியின் த்ருவாஃஸா(ன்) இந்த அத்தியாயத்திலேயே முன்பு ஒருமுறை வந்திருக்கிறது. அந்த வரியைத் தேடிப் பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.